பூதத்தின் மாலையும் வட்டத்தின் கொசுறும்

முன்னொரு காலம். எவ்வளவு முன்னே என்று என்னைப் பிடித்து உலுக்காதீங்க. காளைமாடு வாய்திறந்து பேசும், பூதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும், அப்படிப்பட்ட காலம். அந்தக் காலத்தில் ஆழிமங்கலம் என்று ஒரு ராச்சியம் இருந்தது. அதற்கு ஒரு ராசா. அவருடைய சொந்தப் பெயர் என்னவோ, ஊரே அவரைப் பெருங்கை ராசா என்றுதான் கூப்பிட்டது. ஒரு பிடி அரிசி கேட்டால் ஒரு மூட்டை கொடுப்பார். ஒரு வாய் மோர் கேட்டால் பானையையே தூக்கிக் கொடுப்பார். நல்ல மனுஷர். யோசிக்கிற பழக்கம்தான் கொஞ்சம் குறைவு.

ஒரு தடவை ஆழிமங்கலத்தில் மழையே இல்லை. கிணறு வற்றியது, மாடு மெலிந்தது, பூச்செடி கருகியது. ராசா வேறு வழியில்லாமல் நீராழிப் பூதத்தைக் கூப்பிட்டார். மண்ணுக்குள்ளே எங்கே தண்ணீர் ஓடுகிறது என்று அதற்குத்தான் தெரியும். பூதம் வந்தது. வெட்டவெளியில் ஒரு கல்தூணை நட்டது. தூணில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுழல் சுழன்று மண்ணைக் கீறியது. கீறின கோட்டுக்குள்ளே இருந்த மண்ணை அப்படியே அள்ளி எறிந்தது. அடேயப்பா! நடுவில் தூண், சுற்றிலும் தண்ணீர், பௌர்ணமி நிலாவைத் தரையில் பதித்து வைத்த மாதிரி ஒரு குளம்!

"பூதத்தாரே, என்ன கூலி வேணும்?" என்றார் ராசா.

"ஒரு மாலை."

"ஒண்ணு என்ன, ஒன்பது போடறேன்!"

"ஒண்ணு போதும். ஆனா என் கழுத்துக்குச் சரியா இருக்கணும்" என்றது பூதம். "இந்தக் குளத்தோட விளிம்புதான் என் கழுத்து. கிழக்குப் படித்துறையில ஆரம்பிச்சு, குளத்தை ஒரு சுற்று வந்து, மாலை தன் தலையைத் தானே தொடணும். குறையவும் கூடாது, மிஞ்சவும் கூடாது."

"அதுக்கென்ன, சுற்றி ஒரு நூலை ஓட்டி அளந்துட்டாப் போச்சு" என்றார் ராசா.

வந்ததே கோபம் பூதத்துக்கு! "அளக்கறதா? கோயில்ல சாமி கழுத்துல நூலைப் போட்டா மாலை கட்டறீங்க? எனக்கு மட்டும் அப்படியா? அதுவுமில்லாம எனக்குக் கழுத்துல கூசும். நல்லாக் கேட்டுக்கோங்க. குறுக்கே போகலாம், சுற்றிப் போகக் கூடாது! சுற்றினா மாலையோடதான் சுற்றணும். மாலை சரியில்லேன்னா, சுமந்து வந்த ஆள் நின்ன இடத்துலயே கல்லாப் போகட்டும்!"

சொல்லிவிட்டுத் தூணுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. தொட்டாற்சிணுங்கிப் பூதம். ஆனாலும் ஊருக்கே தண்ணீர் கொடுத்த பூதம், ஒரு மாலைதானே கேட்டது? அதைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இப்போது நம்ம கதாநாயகி வருகிறாள். ஆழிமங்கலத்துப் பூக்கடைத் தெருவில் இருவாட்சி என்று ஒரு பெண். அவள் விரலில் நார் ஏறினால் பூ தானாக வந்து உட்காரும் என்பார்கள். அவளுக்கு அண்ணன் ஒருத்தன், வீரணன். தாயும் தகப்பனும் போன பிறகு அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவன். குளம் வந்ததும் பரிசல் ஒன்று பின்னி, இந்தத் துறையிலிருந்து அந்தத் துறைக்கு ஆட்களை ஏற்றி இறக்கினான். குறுக்கே போகலாம் என்றுதான் பூதம் சொல்லியிருக்கிறதே.

ராசா இருவாட்சியைக் கூப்பிட்டு, "எத்தனை நீளம் மாலை வேணும், சொல்லும்மா" என்றார்.

அவள் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "குறுக்களவு எவ்வளவோ, அதைப் போல மூணு பங்கு, மகாராசா."

அவளுக்கு எப்படித் தெரியும் என்கிறீங்களா? ஆழிமங்கலத்தில் எல்லாருக்கும் தெரியும். அங்கே நெல் கொட்டி வைக்கிற குதிர்களையும் வைக்கோல்போரையும் பிரி முறுக்கித்தான் சுற்றிக் கட்டுவார்கள். பிரி என்றால் வைக்கோலை முறுக்கித் திரித்த கயிறு. குதிரின் குறுக்கே ஒரு தடவை பிடிப்பார்கள், அதைப் போல மூணு எடுத்து வெட்டுவார்கள், சுற்றி இழுத்துக் கட்டுவார்கள். ஒருநாளும் தப்பினதில்லை.

நானும்கூட அவளை நம்பியிருப்பேன். கதை என்றாலே எல்லாம் மூணுதானே! மூணு இளவரசர்கள், மூணு வரம், மூணு தடவை தட்டினால் கதவு திறக்கும். நான் சொன்ன கதைகளில் மூணு என்னைக் கைவிட்டதே கிடையாது. இந்தக் கதையில்தான் கைவிட்டது.

வீரணன் பரிசலில் ஏறி, கிழக்குத் துறையில் கயிற்றைக் கட்டி, நடுத்தூணை உரசிக்கொண்டு நேரே மேற்குத் துறைக்குப் போய்க் குறுக்களவை எடுத்துவந்தான். அதைப் போல மூணு பங்கு மாலையை இருவாட்சி தொடுத்தாள். "யார் சுமக்கிறது?" என்று ராசா கேட்டதும் எல்லாரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். வீரணன் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான்.

"என் தங்கச்சி கட்டின மாலை. நான் சுமக்காம யார் சுமப்பாங்க?"

மாலையின் ஒரு முனையைப் படித்துறைக் கம்பத்தில் கட்டிவிட்டு, மீதியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். கரையோரமாக மாலையை விட்டுக்கொண்டே நடந்தான். தெற்குப் போனான், மேற்குப் போனான், வடக்குப் போனான். இதோ வந்துவிட்டான், கம்பம் கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது தோளில் இருந்த மாலை தீர்ந்துபோனது. முனையைக் கையில் பிடித்து இழுத்தான். வைக்கோல் பிரி என்றால் இழுத்த இழுப்புக்கு நீண்டுகொடுத்திருக்கும். பூமாலை நீளுமா? நார் விறைத்துக்கொண்டு நின்றது. வீரணன் கையை நீட்டினான், எக்கினான், இன்னும் நீட்டினான்.

"எட்டலையே, பாப்பா!" என்றான்.

அவ்வளவுதான். நீட்டின கை நீட்டினபடியே, திறந்த வாய் திறந்தபடியே, கல்லாகிவிட்டான்.

தூணுக்கு அடியிலிருந்து பூதம் எழுந்தது. "அரைகுறை மாலையா எனக்கு?" என்று கத்தியது. கோபம் வந்தால் கழுத்து புடைக்குமா இல்லையா? பூதத்தின் கழுத்து புடைத்தது. குளம் விரிந்தது! கரை பின்னால் நகர, படித்துறையும் கூடவே நகர்ந்தது. மாயக்குளம் அல்லவா! வீரணன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான், முழங்கால் அளவு தண்ணீரில்.

இருவாட்சி விழுந்து புரண்டு அழுதாள். பெருங்கை ராசாவுக்கும் தாங்கவில்லை. "நம்ம கை எப்பவாவது குறைஞ்சதுண்டா? மூணு குறைஞ்சா நாலு! நாலு பங்கு மாலை கட்டுங்க. நானே சுமக்கிறேன்!" என்றார்.

மறுபடி குறுக்களவு எடுத்து, அதைப் போல நாலு பங்கு கட்டினார்கள். ராசா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு மாலையைச் சுமந்தார். தெற்குப் போனார், மேற்குப் போனார், வடக்குப் போனார். படித்துறைக்கு வந்துவிட்டார். ஆனால் தோளில் இன்னும் ஒரு பெரிய குவியல் மாலை கிடந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார்.

"மிச்சமா?" என்றது பூதம். "சட்டை பெரிசாப் போச்சுன்னா மடிச்சுவிட்டுக்கோன்னு சொல்ற மாதிரியா எனக்கு மாலை போடறீங்க? ஒருத்தராவது என்னை யோசிச்சுக் கட்டினீங்களா?"

கை நிறைய மாலையோடு, விழித்த கண் விழித்தபடியே, ராசாவும் கல்லானார். பூதத்தின் கழுத்து இன்னும் புடைத்தது. குளம் இன்னும் விரிந்தது. கிழக்குத் தெருவும் பாதித் தோட்டமும் தண்ணீருக்குள் போயின. ராசா முழங்கால் தண்ணீரில் நின்றார். வீரணன் மார்பளவுத் தண்ணீரில் நின்றான். நீட்டின கை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்றது பூதம். அதன் குரலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இன்னொரு தடவை என் கழுத்து புடைச்சா தண்ணி அவன் தலைக்கு மேல போயிடும். தலை முழுகின கல்லை என்னாலயும் எழுப்ப முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

கேட்டீங்களா? இன்னும் ஒரே ஒரு தடவை!

இருவாட்சி பரிசலில் ஏறித் தனியாகத் துடுப்புப் போட்டு அண்ணனிடம் போனாள். குறுக்கே போகிற வழிதானே, பூதம் ஒன்றும் சொல்லவில்லை. கல்லாகிப்போன அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்ன மூணுதான் உன்னைக் கொன்னுடுச்சுண்ணே. நாலுன்னு சொன்னவரும் அதோ நிக்கறாரு. இப்ப நான் என்னத்தைச் சொல்லுவேன்?" என்று அழுதாள்.

அழுதுகொண்டே அந்தக் கையைப் பார்த்தாள். தோள் எலும்பே தெறித்துவிடும் போல எக்கி நீட்டின கை. எதற்காக இப்படி இழுத்தான்? குதிர் கட்டும்போது பிரியை இழுக்கிற மாதிரி!

"அட, பாவி நான்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "பிரி நீளும். இழுத்து இழுத்துக் கட்டிட்டு, மூணு போதும் மூணு போதும்னு இத்தனை காலம் நெனைச்சுட்டோமே! மூணு ஒருநாளும் போதுமா இருந்ததே இல்ல. வைக்கோல்தான் நம்ம மானத்தைக் காப்பாத்தியிருக்கு!"

அப்படியானால் மூணுக்கு மேலே, நாலுக்குக் கீழே. ஆனால் மேலே எவ்வளவு? அதுதான் தெரியவில்லை. பரிசலைக் கரையேற்றிவிட்டு, காலியாகிப்போன தெருவழியே யோசித்துக்கொண்டே நடந்தாள். தண்ணீருக்குப் பயந்து எல்லாரும் மேட்டுத்தெருவுக்குப் போய்விட்டார்கள். ஆளில்லாத அந்தத் தெருவில் ஒரே ஒரு கொட்டகைக்குள் இருந்து காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

உள்ளே செக்குக்காரரின் கிழட்டுச் செவலைக்காளை, கண்கட்டோடு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. செக்கைக் காணோம்! செக்கைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள், கிழட்டு மாடு எதற்கு என்று இதை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். செக்கு இருந்த குழியையும் மண் போட்டு மூடியாயிற்று. அது தெரியாமல் மாடு பாட்டுக்கு வெறும் கொட்டகையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"செவலை, நில்லு" என்றாள்.

"எண்ணிக்கையைக் கலைக்காதே" என்றது காளை. "பத்தொன்பது… இருபது… இருபத்தொண்ணு… இருபத்திரெண்டு. ம், இப்பப் பேசு. யாரு நீ?"

"பூக்கடை இருவாட்சி. எதை எண்ணற?"

"என் அடியைத்தான். ஒரு சுற்றுக்கு இருபத்திரெண்டு அடி. கன்னுக்குட்டியா நுகத்துல பூட்டினதுலேர்ந்து எண்ணிக்கிட்டிருக்கேன். ஒருநாளும் கூடினதில்ல, குறைஞ்சதில்ல. கண்ணைக் கட்டிட்டா மனுஷன் என்ன பண்ணுவான்? எண்ணத்தானே செய்வான்!" என்றது காளை. தன்னை மனுஷன் என்றே நினைத்துக்கொண்டிருந்தது, பாவம்.

இருவாட்சி அதன் கண்கட்டை அவிழ்த்தாள். காளை இமையைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தது.

"செக்கு எங்கே?"

"போயிடுச்சு."

"அப்போ நான் எதைச் சுற்றிக்கிட்டிருக்கேன்?"

"ஒண்ணுமில்ல செவலை. சும்மாதான் சுற்றற."

காளை நடுவில் இருந்த வெறும் மண்ணையே பார்த்தது. சிரிக்குமோ அழுமோ என்று இருவாட்சிக்குப் பயமாகிவிட்டது. அப்புறம் மெதுவாகக் கேட்டது: "அப்படின்னா நான் குறுக்கே நடந்தா ஒருத்தரும் அடிக்க மாட்டாங்களா?"

"யாரு அடிப்பா? நடந்து பாரேன்."

"என் தடத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு நான் பார்த்ததே இல்லம்மா. நேரே போனா எங்கேயாவது விழுந்துடுவேனோ?"

"நான் பக்கத்துல வரேன். எண்ணிக்கிட்டே வா."

காலங்காலமாக நடந்து நடந்து பள்ளமாகிப்போன அந்த வட்டத் தடத்திலிருந்து காளை முதல்முறையாக உள்ளே திரும்பியது. "ஒண்ணு" என்றது. "ரெண்டு… மூணு…" நடுவில் குழி மூடின இடத்தைத் தாண்டியது. "நாலு… அஞ்சு… ஆறு… ஏழு." எதிர்ப் பக்கத் தடத்தில் கால் வைத்தது.

"ஏழே அடியா!" என்று காளை வாய்விட்டுக் கத்தியது. "ஏழடியில எதிர்ப்பக்கமா! அடப் பாவிகளா, இது தெரியாம இத்தனை நாள் சுற்றிச் சுற்றி…" கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

இருவாட்சிக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. சுற்றிலும் இருபத்திரண்டு. குறுக்கே ஏழு. மூவேழு இருபத்தொன்று. மூணு குறுக்குப் போக ஒரே ஒரு அடி மிச்சம், ஏழில் ஒரு பங்கு!

"கொசுறு!" என்று கூவினாள். "செவலை, வட்டம் கொசுறு கேக்குது! மூணு முழுக் குறுக்கு, அது போக ஏழில் ஒரு பங்கு கொசுறு!"

பூ வாங்குகிறவங்களுக்கு இது தெரியும். முழம் போட்டு முடித்த பிறகு ஒரு சாண் கூட விட்டுக் கிள்ளினால்தான் நமக்கு மனசு ஆறும். அந்தக் கூட விடுகிறதுதான் கொசுறு.

ஆனால் இருவாட்சி உடனே குளத்துக்கு ஓடவில்லை. ஒரு தடவை வாய்க்கு வந்ததைச் சொல்லி அண்ணனைக் கல்லாக்கினவள் அல்லவா? கை வளையலைக் கழற்றினாள். நாரால் அதன் குறுக்கை அளந்து, அந்த அளவில் மூணு வைத்து, அதே அளவை ஏழாக மடித்து ஒரு மடிப்பையும் சேர்த்தாள். வளையலைச் சுற்றிவிட்டாள். மயிரிழை பிசகாமல் தொட்டது! கவிழ்த்து வைத்திருந்த பரிசலுக்கு ஓடினாள். மூணு குறுக்கு, ஒரு கொசுறு. தொட்டது! அப்புறம் ஒரு வண்டிச்சக்கரம். அதுவும் தொட்டது.

"சின்னதுக்கும் பெரிசுக்கும் அதே கொசுறா?" என்றது காளை.

"அதேதான். குழந்தை வளையலுக்கும் அதுதான், ராசா தேர்ச்சக்கரத்துக்கும் அதுதான். பூதம் கழுத்து எவ்வளவு புடைச்சாலும், அது வட்டமா இருக்கிற வரைக்கும் அதுதான்!"

சொல்லிவிட்டுத் தன் கையிலிருந்த சின்ன வளையலையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் இந்த இடம் வந்தால் கதையை நிறுத்திவிடத் தோன்றும். நிலாவை, கிணற்றை, தோசையை, ஒன்றை ஒன்று பார்த்தேயிராத அத்தனை வட்டத்தையும் நினைத்துப் பாருங்க. எல்லாம் கூடிப் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே சொல்லைக் காப்பாற்றுகின்றன. என்ன ஒரு நாணயம்! என்ன ஒரு அழகு!

சரி, அண்ணன் தண்ணீரில் நிற்கிறான், வாங்க.

இருவாட்சி மேட்டுத்தெருவுக்குப் போய் ஊரைக் கூட்டினாள். "மூணு குறுக்கும் ஒரு கொசுறும் கட்டணும். நானே சுமக்கிறேன்" என்றாள். பூக்காரப் பெண்கள் எல்லாரும் கூடையும் நாருமாக ஓடிவந்தார்கள். வந்ததும் சண்டை பிடித்துக்கொண்டது.

"முழம் போடறது யார் கையால? அன்னத்தாயி கை குட்டைக் கை. அவ முழம் நம்ம முக்கால் முழம்" என்றாள் ஒருத்தி.

"உன் கை மட்டும் பனைமரமோ?" என்றாள் அன்னத்தாயி. சந்தையில் தினம் நடக்கிற சண்டைதான் அது.

"யார் கையும் வேணாம்" என்றாள் இருவாட்சி. பரிசலில் போய், தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த அண்ணன் கையில் முழங்கை முதல் விரல் நுனி வரை ஒரு மூங்கில் குச்சியை வைத்து வெட்டினாள். "இதுதான் முழம். குறுக்களவும் இதுதான், மாலையும் இதுதான்." ஆளுக்கு ஒரு குச்சி அதே அளவில் வெட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு ஒருத்தரும் சண்டை போடவில்லை.

குறுக்கே அளந்தாள். கிழக்குத் துறையிலிருந்து நடுத்தூணை உரசிக்கொண்டு மேற்குத் துறை வரைக்கும் எழுநூறு முழம். மூணு பங்கு, இரண்டாயிரத்து நூறு. ஏழில் ஒரு பங்கு, நூறு. ஆகமொத்தம் இரண்டாயிரத்து இருநூறு முழம்!

கருகாமல் மிஞ்சின மல்லி வந்தது, அரளி வந்தது, சாமந்தி வந்தது. பூ தீர்ந்தபோது துளசி வந்தது, மரிக்கொழுந்து வந்தது, வேப்பிலையும் வந்தது. ஊரே தொடுத்தது. கடைசி முழத்தை மட்டும் இருவாட்சி யாரிடமும் கொடுக்கவில்லை. அதில் பூவே வைக்காமல் வெறும் நாராக விட்டாள். மாலை கட்டுகிறவர்கள் எப்போதும் அப்படித்தான் விடுவார்கள்.

மாலையைச் சுருட்டி ஒரு சறுக்குப் பலகையில் வைத்தார்கள். இழுப்பது யார்?

"நான்தான்" என்றது செவலை. "சுற்றுகிற வேலை எனக்குப் பழக்கம்."

"தப்பினா நீயும் கல்லாப் போவே செவலை."

"தெரியும். ஒரு தடவையாவது ஒரு காரியத்துக்காகச் சுற்றறேனே, அது போதும்."

முனையைக் கம்பத்தில் கட்டினாள். இருவரும் கிளம்பினார்கள். தெற்குப் போனார்கள், மேற்குப் போனார்கள், வடக்குப் போனார்கள். காளை வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு வந்தது. கடைசியில், கரைக்கு உள்ளே தண்ணீரில் வீரணன் நிற்கிற இடத்துக்கு நேராக வந்தார்கள். பலகையில் நூறு முழம்தான் மிச்சம் இருந்தது. மூணு முடிகிற இடத்தில்தானே அவன் நின்றுபோனான்! இனிமேல் இருப்பது கொசுறு மட்டும்.

"அண்ணே, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இருவாட்சி நடந்தாள்.

பலகையில் மாலை குறைந்துகொண்டே வந்தது. பத்து முழம். ஐந்து முழம். கம்பத்தைத் தொட்டாள். பூவோடு பூ வந்து தொட்டது! பூதம் தலையைத் தூக்கிப் பார்த்தது. தொட்டுவிட்டதுதான். ஆனால் ஐயையோ! கம்பத்தைத் தாண்டி, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, நார் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"மிஞ்சிடுச்சு!" என்று பூதம் கத்தியது. "மிஞ்சவும் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

இருவாட்சியின் பாதம் ஜில்லென்றது. விரல் கல்லானது, கணுக்கால் கல்லானது. செவலையின் குளம்பும் கல்லானது. குளம் ஓரத்தில் கொதிக்கிற மாதிரி அசைந்தது.

அவள் பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் கை அதன் வேலையைப் பார்த்தது. தொங்கின நாரைப் பிடித்தாள். மாலையின் தலையில் ஒரு சுற்று, வாலில் ஒரு சுற்று, இரண்டையும் சேர்த்து இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். தொங்கின நார் முழுக்க முடிச்சுக்குள் போய்விட்டது. விரல் நுனியில் பிடிக்கக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை.

"பூதத்தாரே" என்றாள். முழங்கால் வரைக்கும் கல். "தொட்டா போதும்னு கேட்டீங்க. தொட்டு நிக்கிற மாலை, நீங்க ஒரு தடவை தும்மினா அவிழ்ந்து போயிடும். முடிச்சு இல்லாம கழுத்துல மாலை நிக்குமா? இது மிச்சம் இல்லைங்க. உங்க கழுத்துல இது நிக்கணும்னு நெனைச்சு விட்டது."

பூதம் குனிந்து அந்த முடிச்சை உற்றுப் பார்த்தது.

"என்னை நெனைச்சா?" என்றது.

"உங்களை நெனைச்சுதான். ஊருக்குத் தண்ணி கொடுத்தவர் நீங்க. முதல் தடவையே இப்படி யோசிச்சிருக்கணும். என் தப்புதான்."

பூதம் மெல்ல எழுந்தது. கரையில் கிடந்த மாலை தானாகவே மிதந்து வந்து அதன் கழுத்தில் விழுந்தது. இறுக்கவும் இல்லை, தொளதொளக்கவும் இல்லை. அவ்வளவு பெரிய பூதம், புதுச்சட்டை போட்ட குழந்தை மாதிரி குனிந்து குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டது. கன்னத்தில் நீர் ஓட, மாலையோடு தூணுக்கு அடியில் போய்விட்டது.

கழுத்து தணிந்தது, அதற்குத் தக்கபடி மாலையும் தானாகச் சுருங்கியது. குளம் மெல்ல மெல்லச் சுருங்கிப் பழைய இடத்துக்குப் போனது. கிழக்குத் தெரு வெளியே வந்தது. இருவாட்சியின் கால் சதையானது. செவலையின் குளம்பு விடுபட்டது. கை நிறைய வாடின மாலையோடு ராசா கண்ணைக் கொட்டி, "நாலு கொஞ்சம் அதிகமோ?" என்றார்.

இருவாட்சிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. ஓடினாள். வீரணன் ஈரக் கரையில், கையை நீட்டினபடி, நின்றுபோன அதே வார்த்தையை அப்போதுதான் சொல்லி முடித்துக்கொண்டிருந்தான்.

"…எட்டலையே, பாப்பா!"

அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எட்டிடுச்சுண்ணே" என்றாள். "எட்டிடுச்சு."

அப்புறம் என்ன, பெருங்கை ராசா சும்மா இருப்பாரா? பாதி ராச்சியம் தருகிறேன் என்றார். "பாதி எனக்கு எதுக்குங்க? செவலைக்கு நேரா ஒரு பாதை போட்டுக் கொடுங்க, அது போதும்" என்றாள் இருவாட்சி. ராசா கை பெரிய கை அல்லவா, கொட்டகை வாசலிலிருந்து கடற்கரை வரைக்கும் வளைவே இல்லாமல் ஒரு பாதை போட்டுவிட்டார். செவலை அதில் நடந்தது. இருபத்திரண்டாவது அடியில் பழக்கதோஷத்தில் ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தது. அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டு நேரே போய்க்கொண்டே இருந்தது.

குளமும் நிறைந்தது, ஊரும் நிறைந்தது, என் வாயும் வலிக்கிறது. நம்பாதவங்க வீட்டுக்குப் போய் ஒரு வளையலையும் ஒரு நூலையும் எடுத்துக்கோங்க. மூணு குறுக்கு, ஏழில் ஒரு பங்கு கொசுறு. சுற்றிப் பாருங்க. நூல் துளி மிஞ்சினால் கவலைப்படாதீங்க, அதில் ஒரு முடிச்சுப் போடுங்க.